அவ பேசும்போது மட்டும்

இல்லை தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். பெரிய பாரம் இல்லை, லேப்டாப்புதான். மேல வச்சா குலுங்கும். குலுங்குனா உள்ள இருக்கிற கோளாறு இடம் மாறிடும். கோளாறு இருந்த இடத்துல இருக்கணும். அப்பத்தான மதுரையில கண்டுபிடிப்பாங்க.

நீங்களும் மதுரை வரைக்குமா? நல்லது. நான் பேசினா தொந்தரவு இல்லையே? காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டீங்க, அதான் கேட்டேன். பொதுவா நான் பஸ்ஸுல யார்கிட்டயும் பேசுறவன் இல்லை. எம் பேரு கடற்கரை. எங்க பக்கத்துல அந்தப் பேரு உண்டு. கடலை நான் பார்த்தது திருச்செந்தூர்ல மட்டும். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். படிப்பு எட்டாவதோட சரி.

இந்த லேப்டாப்புல ஸ்பீக்கர் கரகரங்குது. அதான் விஷயம். ஆனா மூணு கடையில காட்டியாச்சு, மூணு பேரும் கோளாறே இல்லைங்கிறாங்க. மதுரையில ஒரு பெரிய கடை இருக்காம், அங்க மிஷின் வச்சு அளந்து பார்ப்பாங்களாம். எனக்கு ஸ்பீக்கரை மாத்தித் தரக்கூட வேண்டாம் தம்பி. கோளாறு இருக்குன்னு எம் மககிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும். இதுக்கா ஒரு மனுசன் மதுரைக்குப் போறான்னு பாக்கிறீங்க. சொல்றேன்.

எம் மக பேரு சங்கரகோமதி. கோமுன்னு கூப்பிடுவோம். மாப்பிள்ளைக்கு டெல்லியில வேலை. தலைப்பிரசவம் எங்க வீட்டுல நடந்துச்சு. ரெண்டாவதை அங்கேயே பார்த்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதனால ஐப்பசியில கோமு அம்மாவை ரயிலேத்தி விட்டேன். சண்முகத்தாய்னு பேரு அவளுக்கு. நான் போகலை. குழாய்ல தண்ணி எப்ப வரும்னு தெரியாது, வீட்டுல ஒரு ஆள் வேணும். அதோட, பிரசவ வீட்டுல ஆம்பளைக்கு என்ன வேலை. மாப்பிள்ளை போன தடவை வந்தப்ப அவரோட பழைய லேப்டாப்பை எனக்குக் குடுத்துட்டுப் போயிருந்தாரு. "மாமா, போன்ல முகம் சின்னதாத் தெரியும். இதுல பெருசாத் தெரியும். பச்சைப் பட்டன் வந்தா அமுக்குங்க, அவ்வளவுதான்"னாரு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பச்சைப் பட்டன் வரும். அமுக்குவேன். கோமு அம்மா வருவா.

புதுசாப் பிறந்த புள்ளை உள்ள தூங்கும், மாப்பிள்ளை ஒரு ரூமுல உக்காந்து ஆபீஸ் வேலை பார்ப்பாரு. அதனால இவ பால்கனியில நின்னு பேசுவா. டெல்லியில அப்ப ஒரே பனியும் புகையும். சுவெட்டரைச் சேலைக்கு மேல போட்டுக்கிட்டு, போனை வாய்க்கு நேரா வச்சுக்கிட்டு, பாக்க வேடிக்கையா இருப்பா.

பேச ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே கண்டுபிடிச்சிட்டேன். கரகரப்பு.

"அங்க என்ன கரகரங்குது?"

"எங்க?"

"நீ பேசறப்ப."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு எப்படிக் கேக்கும்? ஸ்பீக்கர் இங்கல்ல இருக்கு."

"ஆமால்ல"ன்னு சிரிச்சா. சிரிச்சா இன்னும் ஜாஸ்தி கரகரங்கும்.

தம்பி, சத்தத்தைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மில்லுல ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில் ஒரே நேரத்துல ஓடும். பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்காது. அந்த இரைச்சல்ல நடந்து போகும்போதே எந்த பேரிங் காஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். சந்தேகம்னா ஸ்குரூ டிரைவரோட நுனியை பேரிங் மேல வச்சு, கைப்பிடியைக் காது எலும்புல அழுத்திக் கேப்போம். உள்ள நடக்கிறது அப்படியே கேக்கும். எண்ணெய் காஞ்சா ஒரு சத்தம். பல்லு தேஞ்சா ஒரு சத்தம். பஞ்சுத் தூசி உள்ள போயி அடைச்சிருந்தா அது தனிச் சத்தம். வறுத்த அரிசியை மெல்லுற மாதிரி இருக்கும். ஒருதடவை கேட்டா மறக்காது. மேஸ்திரியே "கடற்கரை காதைக் கூப்பிடு"ன்னுதான் சொல்லுவாரு. ஆளைக் கூப்பிடுன்னு சொல்ல மாட்டாரு.

லேப்டாப்புல கேட்ட உடனே சொல்லிட்டேன். தூசி. பஞ்சுத் தூசி அடைச்சிருக்கு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை, இன்னைக்கும் இல்லை.

அடியில சல்லடை மாதிரி ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும், அதுதான் ஸ்பீக்கர் வாய். பெயின்ட் பிரஷ்ஷால தட்டினேன். சைக்கிள் பம்பை வச்சு மெதுவாக் காத்து அடிச்சேன். சத்தத்தைக் குறைச்சு வச்சேன். சார்ஜரைப் பிடுங்கிட்டுப் பேசினேன். அணைச்சுப் போட்டேன். கரகரப்பு போகலை. பிறகுதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற காஜா கடைக்குக் கொண்டு போனேன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. நல்ல மனுசன்.

காஜா அதுல நாதஸ்வரம் போட்டான். செய்தி போட்டான். சுத்தமா இருந்துச்சு.

"அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கு?"

"இதுக்கெல்லாம் வராதுப்பா. வீட்டுல பேசறப்பத்தான் வரும்."

"யாரு பேசினாலுமா?"

"மாப்பிள்ளை பேசினா வராது. மகளுக்கும் வராது. எங்க வீட்டு அம்மா பேசும்போது மட்டும்."

"அதுக்குப் பேரு கோளாறு இல்லை அண்ணாச்சி, குடும்பம்"னான். கடையில இருந்தவங்க சிரிச்சாங்க. அப்புறம், "டிரைவர் பழசா இருக்கும், புதுசு போட்டுப் பார்ப்போம்"னான். நான் பையில இருந்து என் ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினேன், "இது போன மாசம் வாங்கினதுதான்"னு. மறுபடி சிரிச்சாங்க. அது வேற டிரைவராம், கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற புரோகிராமாம், கண்ணுக்குத் தெரியாதாம். போட்டான். அப்புறம் சத்தத்தை மெருகு பண்ற செட்டிங் ஒண்ணு இருக்காம், அதை அமத்தினான். சாயங்காலம் அவ வந்தா. கரகரப்பும் வந்துச்சு.

நானா யோசிச்சேன். அவ குரல் கொஞ்சம் கீச்சுக் குரல். சின்ன ஸ்பீக்கர் அதைத் தாங்காது. நாதஸ்வரம் அதைவிடக் கீச்சுன்னு நீங்க கேப்பீங்க. நானும் யோசிச்சேன். அது வேற கீச்சு.

அவளும் மில்லுல இருந்தவதான். கழிவுப்பஞ்சு பிரிக்கிற குடோன்ல வேலை. கோமு காலேஜு முடிக்கிற வரைக்கும் போனா. சாயங்காலம் வரும்போது தலை, புருவம் எல்லாம் வெள்ளையா இருக்கும். "இப்பவே கெழவி ஆயிட்டியே"ம்பேன். "நீங்க கெழவன் ஆகும்போது எனக்குப் பழகியிருக்கும்"பா. பஞ்சு தொண்டையில போனா இறங்கறதுக்கு வெல்லம் தின்பாங்க அங்க. இவ சேலை முந்தியில எப்பவும் ஒரு துண்டு வெல்லம் முடிஞ்சிருக்கும். வாரலீவு முடிஞ்சு போற மொத நாள் மட்டும் நெஞ்சை இறுக்குதும்பா. மறுநாள் சரியாயிடும். லீவு முடிஞ்சு வேலைக்குப் போறதுன்னா யாருக்குத்தான் நெஞ்சு இறுக்காதுன்னு சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பா. நல்ல மனசு தம்பி. எதையும் பெருசு பண்ண மாட்டா.

எங்க விட்டேன்? காஜா. ரெண்டாவது தடவை போனப்ப அவனே ஸ்பீக்கரை மாத்திப் பார்ப்போம்னு புதுசு போட்டான். பழசை என் கையில குடுத்துட்டான். மறுபடி கரகரப்பு. புதுசும் அதே கம்பெனி, அப்படித்தான இருக்கும். மூணாவது தடவை போனேன். அவன் லேப்டாப்பை மூடி எங்கிட்டயே நீட்டினான். "அண்ணாச்சி, இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கம் பாக்கச் சொல்லுங்க"ன்னான்.

உடனே மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அவரு அத்தைக்குப் புது இயர்போன் வாங்கிக் குடுத்தாரு, கன்னத்துக்கிட்ட குட்டி மைக் தொங்குமே, அது. வாய்க்குப் பக்கத்துல மைக் வந்ததும் கரகரப்பு ரெண்டு மடங்காச்சு. பாத்தியா, அந்தப் பக்கம் எல்லாம் புதுசாக்கியும் போகலைன்னா கோளாறு எங்க இருக்குன்னு காஜாகிட்ட கேட்டேன். அவன் அடுத்த ஆளோட போனை எடுத்துக் கழட்ட ஆரம்பிச்சிட்டான்.

அந்தச் சமயத்துல ஒருநாள் நாங்க பேசிக்கிட்டிருக்கும்போது கோமு பால்கனிக்கு வந்தா, பச்சைப் புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு. "அம்மா, உனக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. மாடிப்படி ஏறினா நின்னு நின்னு வர்றே. நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்"னா.

இவ சொன்னா, "எனக்கென்னடி? குளிரு. அப்பா லேப்டாப்புல ஸ்பீக்கர் கெட்டுப் போச்சு. அதுல வர்ற சத்தத்தைக் கேட்டுட்டு நீயும் பயப்படாத."

"நான் லேப்டாப்பைச் சொல்லலைம்மா. உன்னைச் சொல்றேன்."

"அப்பா கேட்டுட்டு மிஷினுதான்னுட்டாரு. அவரு காது தப்பாது. மில்லு பூரா கேட்டுப் பாரு."

தம்பி, கல்யாணமாகி இத்தனை வருசத்துல என் வேலையைப் பத்தி அவ வாயால நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒண்ணுதான். எனக்கு அப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. நானும் இங்கிருந்து சத்தம் போட்டுச் சொன்னேன், "ஆமா கோமு, ஸ்பீக்கர்தாம்மா. பஞ்சுத் தூசி. எனக்குத் தெரியாதா?"ன்னு. கோமு கைப்பிள்ளைக்காரி. அது அழுதுச்சு, உள்ள போயிட்டா.

இது எங்க? கிருஷ்ணன்கோவிலா? சரி சரி. இன்னும் தூரம் இருக்கு.

கடைசியில வைத்தியம் நானேதான் கண்டுபிடிச்சேன். காஜா இல்லை. அவகிட்ட சொன்னேன், "நீ மைக்குக்கிட்ட வராதே. தள்ளி உக்காரு. கோமு பேசட்டும். உனக்கு எதாச்சும் சொல்லணும்னா அவகிட்ட சொல்லு, அவ சொல்லட்டும்"னு. "அப்ப நான் என்ன செய்ய?"ன்னா. "நீ தலையை ஆட்டு. எனக்குத்தான் முகம் பெருசாத் தெரியுதே"ன்னேன். அவளுக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. பேசுறதுக்கே அலுப்பா இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தா.

அன்னையில இருந்து சுத்தமா நின்னுபோச்சு. ஒரு கரகரப்பு கிடையாது. கோமு கீரை மசிச்சதைச் சொல்லும், புள்ளை எத்தனை தடவை பால் குடிச்சுதுன்னு சொல்லும். இவ பின்னால சோபாவுல சாஞ்சு உக்காந்துக்கிட்டு தலையை ஆட்டுவா. நான் சாப்பிட்டேனான்னு கையை வாய்க்குக் கொண்டு போய்க் கேப்பா. சாப்பிட்டேன்னு நானும் கையாலேயே சொல்லுவேன். ஊமைப் படம் மாதிரி. ரெண்டு பேருக்கும் சிரிப்பா இருக்கும். காஜா கடைக்குப் போய், "சரி பண்ணிட்டேன்பா"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

மார்கழிக் கடைசியில மாப்பிள்ளை போன் பண்ணாரு. "மாமா, அத்தையை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. நுரையீரல்ங்கிறாங்க. கிளம்பி வாங்க"ன்னாரு. அன்னைக்கே ரயிலேறினேன். நாக்பூர் தாண்டினதும் இன்னொரு போன் வந்துச்சு. அதுக்கப்புறம் டெல்லி வரைக்கும் எதிர்ல இருந்த ஒரு இந்திக்கார அம்மா எனக்கு ரொட்டி குடுத்துக்கிட்டே வந்தது ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணும் ஞாபகம் இல்லை.

எல்லாம் முடிஞ்ச பிறகு கோமு எங்கிட்ட வந்து உக்காந்தா. அழலை. "ஆஸ்பத்திரியில டாக்டர் அம்மா நெஞ்சுல குழலை வச்சுக் கேட்டுட்டு, இந்தச் சத்தம் எத்தனை நாளா இருக்குன்னு கேட்டாருப்பா"ன்னா.

"அப்படியா?"

"நான் என்ன சொல்லியிருப்பேன்?"

அவளே பதிலும் சொன்னா.

"வந்த மாசத்துல இருந்து இருக்கு, ஊர்ல எங்க அப்பாவுக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னேன்."

"அது ஸ்பீக்கர்ல வந்ததும்மா."

"ஸ்பீக்கர்னு சொல்லாதீங்கப்பா."

"புது ஸ்பீக்கர் போட்டும் வந்துச்சு கோமு, அதே கம்பெனி…"

எந்திரிச்சுப் போயிட்டா. அன்னையில இருந்து எங்கிட்ட பேச்சு கிடையாது. ஆறு மணிக்கு மாப்பிள்ளைதான் வர்றாரு. "கோமு எங்க மாப்பிள்ளை?"ன்னா, "பக்கத்துலதான் மாமா இருக்கா"ம்பாரு. சேலை முந்தி தெரியும். முகம் தெரியாது. ஒரு கரகரப்பு இல்லாம மாப்பிள்ளை பேசுறது அப்படியே கணீர்னு கேக்குது. அதை வச்சு நான் என்ன பண்ண?

அவ சின்னப் புள்ளை, தம்பி. துக்கத்துல இருக்கா. நுரையீரல் கெட்டது வேற விஷயம், ஸ்பீக்கர் கெட்டது வேற விஷயம். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திருக்கு. அப்படி நடக்கக் கூடாதா? மில்லுல ஒரே நாள்ல மோட்டாரும் போகும், பெல்ட்டும் அறும். ஒண்ணால ஒண்ணு இல்லை. ஆனா அதை நான் சொன்னா எடுபடாது. கம்ப்யூட்டர் தெரிஞ்ச மனுசன் சொல்லணும். ஸ்பீக்கர்ல கோளாறு இருந்துச்சும்மா, உங்க அப்பா கேட்டது அதைத்தான்னு ஒரு வார்த்தை.

ஊருக்கு வந்ததும் காஜாகிட்டதான் கேட்டேன். அவன் மறுபடி எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தான். டீ வாங்கிக் குடுத்தான். "ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. ஆனா உங்களுக்காக நான் சொல்றேன். மககிட்ட போனைப் போட்டுக் குடுங்க, ஸ்பீக்கர் போச்சுன்னு சொல்லிடறேன்"னான்.

நான் வேண்டாம்னுட்டேன். எனக்குப் பொய் எதுக்கு? இல்லாததை இருக்குன்னு சொல்லி நான் ஒரு பேரிங்கைக்கூட மாத்தினதில்லை. இருக்கிற கோளாறைக் கண்டுபிடிச்சுச் சொல்லுன்னுதான கேக்கிறேன். கோச்சுக்கிட்டு வேற ரெண்டு கடைக்குப் போனேன். அவங்களும் அதையே சொன்னாங்க. அப்புறம் காஜாகிட்டயே திரும்பி வந்தேன்.

அவன்கிட்ட இன்னொரு உதவியும் கேட்டேன். பேத்திக்குப் பேரு வைக்கிறப்ப எடுத்த வீடியோ ஒண்ணு மாப்பிள்ளை அனுப்பினது இதுல இருக்கு. அவ தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருந்த நாள்ல எடுத்தது. ஆனா அன்னைக்குப் போனை அவதான் கையில பிடிச்சிருந்தா, அதனால கடைசியில கொஞ்சம் பேசியிருக்கா. அதுலயும் கரகரப்பு. அதை மட்டும் எடுத்துத் தாப்பான்னேன். அதுக்கு ஏதோ வழி இருக்காம், ஒரு மணி நேரம் உக்காந்து எடுத்தான். போட்டுக் காட்டினான். கரகரப்பு இல்லை. ஆனா குரல் அவ குரல் இல்லை, தம்பி. கிணத்துக்குள்ள இருந்து யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. "கரகரப்பு குரலோட சேர்ந்தே இருக்கு அண்ணாச்சி. அதை எடுத்தா இதுவும் வந்துடுது"ன்னான். பழசே இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

நீங்க கம்ப்யூட்டர் வேலைதான பாக்கிறீங்க? பையைப் பார்த்தா தெரியுது. கடை திறக்கிறதுக்கு முன்னால நீங்க ஒருதடவை கேட்டுச் சொல்ல முடியுமா? சார்ஜ் இருக்கு. காலையில முழுசா ஏத்திட்டுத்தான் வந்தேன்.

இருங்க, திறக்கட்டும். இந்தா. சத்தத்தைப் பாதியில வைக்கிறேன், முழுசா வச்சா எந்த ஸ்பீக்கரும் கத்தும்.

இது மாப்பிள்ளை. புள்ளை காதுல பேரைச் சொல்றாரு. ஆதிரை, ஆதிரை, ஆதிரை. சுத்தமா இருக்கா? இப்ப பக்கத்து வீட்டு அம்மா ஒண்ணு சிரிக்குது. சுத்தமா இருக்கா? இது புள்ளை அழுகை. இதுவும் சுத்தம். இப்ப வருது பாருங்க. போனைத் தன் பக்கம் திருப்புறா. இதுதான் கோமு அம்மா.

"ஏங்க, பேரு வச்சாச்சுங்க. ஆதிரை. நல்லாருக்கா? நான்… தள்ளி வச்சுத்தான் பேசுறேன். இப்பக் கரகரப்பு இல்லாமக் கேக்குதாங்க?"

கேட்டுச்சா? ஏங்க-ன்னு ஆரம்பிக்கிறதுக்கு முந்தி ஒண்ணு. நான்-னதுக்கு அப்புறம் நீளமா ஒண்ணு. கடைசியில ஒண்ணு. வறுத்த அரிசி மாதிரி.

இது மிஷின் சத்தம்தான தம்பி?

ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க? பஸ் இரைச்சல்ல சரியாக் கேட்டிருக்காது. கொஞ்சம் குனிஞ்சு காதைக் கிட்ட வைங்க. இன்னொரு தடவை போடுறேன்.